தேசத் தலைவர்களைப் பற்றிய பழைய வரலாற்று நூல்களைப் படிப்பது எப்படி?

பழைய வண்ணாரப்பேட்டையிலோ இராயபுரத்திலோ தலைமுறை கண்ட வீடொன்றைக் காலி செய்யும்போது, பரணிலிருந்து இறங்கிப் பழைய பேப்பர் கடைக்குப் போகும் கட்டுகளில் ஒரு காந்தி சரித்திரமும், நேருவின் தமிழாக்கம் ஒன்றும், அட்டை போன திலகர் வரலாறும் பெரும்பாலும் இருக்கும். அவற்றை எடைத்தட்டிலிருந்து மீட்டு வீட்டுக்குக் கொண்டுவரும் ஆர்வம் பலருக்கு இருக்கிறது. இருபது பக்கம் தாண்டுவதற்குள் அந்த ஆர்வம் வடிந்துவிடுவதும் உண்மை. எழுத்து சற்றே வேறாக இருக்கிறது, ஆண்டுக் கணக்கு பிடிபடவில்லை, பாதிச் சொற்கள் விளங்கவில்லை, தலைவரோ பிறந்த நாள் முதல் குறையே இல்லாதவராக நடமாடுகிறார்.

இத்தகைய நூல் ஒவ்வொன்றிலும் இரண்டு காலங்கள் கலந்திருக்கின்றன. தலைவர் வாழ்ந்த காலம் ஒன்று; ஆசிரியர் உட்கார்ந்து எழுதிய காலம் மற்றொன்று. முன்னதைத் தேடிப் போகும் நாம் பின்னதை மறந்துவிடுகிறோம். நூலுக்கும் ஒரு பிறந்த ஆண்டு உண்டு என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், கீழே வரும் படிகள் அனைத்தும் அதிலிருந்தே கிளைப்பதைக் காணலாம்.

1. நூலைத் தேடுதல்

சென்ட்ரல் நிலையத்தை ஒட்டியிருந்த மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையான பின், அங்கிருந்த பழைய புத்தகக் கடைக்காரர்கள் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினர். இன்று அங்கே பாடநூல்களே மிகுதி என்றாலும், பொறுமையாகக் கேட்பவருக்கு உள்ளேயிருந்து ஒரு கட்டு வெளிவருவதுண்டு. கடைக்காரரிடம் "சரித்திரப் புத்தகம் இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "பழைய வாழ்க்கை வரலாறு, அம்பதுக்கு முன்னாடி அச்சானது" என்று கேட்பது பயன் தரும்.

விலைக்குக் கிடைக்காதவற்றுக்கு எழும்பூர் கன்னிமரா நூலகம் இருக்கிறது. 1896இல் திறக்கப்பட்ட அந்நூலகத்துக்கு, 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாட்டில் அச்சாகும் நூல்கள் வந்து சேர வேண்டும். நெடுங்காலம் ஜார்ஜ் டவுன் லிங்கிச் செட்டித் தெருவில் இயங்கிய மறைமலையடிகள் நூலகமும் இப்போது அதே வளாகத்துக்கு வந்துவிட்டது. பழந்தமிழ்ப் பதிப்புகளுக்கு இதுவே நல்ல இடம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உள்ளது. வீட்டைவிட்டு நகர இயலாதவர்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நூற்பெயரை உள்ளிட்டுத் தேடலாம். கைப்பேசித் திரையில் பழைய அச்சைப் படிப்பது கண்ணுக்குத் துன்பம் என்பதால், கணினி கிடைக்குமானால் அதையே நாடுக.

2. முதல் பக்கத்துக்கு முந்தைய பக்கங்கள்

நேரே முதல் அத்தியாயத்துக்குப் போகக் கூடாது. தலைப்புப் பக்கம், அதன் பின்புறம், முன்னுரை, நன்றியுரை, பின்னட்டை விளம்பரம் ஆகியவற்றுக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். எந்த ஆண்டில், எந்த ஊரில், யார் அச்சிட்டது, இது எத்தனையாவது பதிப்பு என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1931இல் முதற்பதிப்பும் 1949இல் நான்காம் பதிப்பும் கண்ட காந்தி வரலாறு ஒன்று கையில் இருப்பதாகக் கொள்வோம். இடையில் விடுதலையும் வந்துவிட்டது, காந்தியடிகளின் மறைவும் நேர்ந்துவிட்டது. எந்த வரி 1931க்கு உரியது, எது பின்னர்ச் சேர்ந்தது என்று பிரித்தறிய முடியாவிட்டால், ஆசிரியர் அன்றே தீர்க்கதரிசனமாக எழுதினார் என்று வியந்து ஏமாறுவோம்.

1947க்கு முந்தைய நூலாக இருந்தால், அச்சுச் சட்டத்தின் நிழல் அதன்மேல் விழுந்திருக்கும். காந்தி 1909இல் எழுதிய இந்திய சுயராஜ்யம் பற்றிய சிறுநூலைப் பம்பாய் அரசு அடுத்த ஆண்டே தடைசெய்தது. பாரதி பாடல் தொகுதிகளைச் சென்னை அரசு 1928இல் பறிமுதல் செய்தது. ஆகவே அக்காலத்து ஆசிரியர் ஒருவர் சிறைவாசத்தை ஒரே வரியில் கடந்து போனால், அவருக்கு விவரம் தெரியாது என்று முடிவுகட்ட வேண்டாம். அச்சகத்தாருக்கு, அரசிடம் கட்டிய பிணைத்தொகை பறிபோகும் அச்சம் இருந்திருக்கலாம்.

நூல் எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். காந்தியின் சுயசரிதை 1925 முதல் 1929 வரை குஜராத்தி வார இதழில் தொடராக வந்தது; அவர் கதை சொல்லி நிறுத்துவது ஏறக்குறைய 1921இல். தண்டி யாத்திரையை அதில் தேடி ஏமாந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். தண்டி நடந்ததோ 1930இல்.

3. எழுத்து, எண், ஆண்டு, காசு

இந்தப் படியில் ஒரு வாரம் செலவிட்டால் அடுத்த பத்து ஆண்டுகளுக்குத் தொல்லையில்லை. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும்வரை, ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்த குறியுடனும், ணா, றா, னா ஆகியவை காலின்றிச் சுழித்தும் அச்சிடப்பட்டன. பெரியாரின் இதழ்கள் மட்டும் 1935 முதலே சீர்திருத்த எழுத்தில் வந்தன. வீட்டில் எழுபது வயதைக் கடந்தவர் இருந்தால், அவரிடம் இரண்டு பக்கம் உரக்கப் படிக்கச் சொல்லிப் பின்தொடர்வதைவிட விரைவான பயிற்சி வேறில்லை.

முன்னுரைப் பக்கங்களில் தமிழ் எண்கள் வரலாம்: ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯ என்பன ஒன்று முதல் ஒன்பது, ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௵ என்பது வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி, ௹ ரூபாய்.

ஆண்டுப் பெயர்களே பலரை மிரட்டுகின்றன. அறுபது ஆண்டுச் சுழற்சியின் முதலாண்டாகிய பிரபவ, 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. இந்த மூன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். பஞ்சாங்கத்தின் முதல் பக்கத்திலுள்ள பட்டியலில் வேண்டிய ஆண்டு எத்தனையாவது என்று எண்ணிக் கூட்டிக்கொள்ளலாம். பாரதியார் பிறந்தது சித்திரபானு வருஷம் கார்த்திகை 27. சித்திரபானு பதினாறாவது, 1867உடன் பதினைந்தைக் கூட்டினால் 1882, அது அவ்வாண்டு டிசம்பர் 11. மார்கழிப் பிற்பகுதியில் ஜனவரி பிறந்ததுமே ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும் என்பதை மறந்தால்தான் பிழை நேரும்: அதே சித்திரபானுவின் மாசி, 1883ஐச் சேர்ந்தது.

காசுக் கணக்கு எளிது. 1957 ஏப்ரலில் புதுக்காசு வரும்வரை ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு பை. 347-12-0 என்று அச்சில் கண்டால், முந்நூற்று நாற்பத்தேழு ரூபாய் பன்னிரண்டு அணா என்று பொருள். இந்தத் தொகையை வேண்டுமென்றேதான் இங்கே எடுத்துக்கொண்டேன். கீழே மறுபடியும் வரும்.

4. பொருள் மாறிய சொற்கள்

விளங்காத சொல்லைவிட, விளங்கியதுபோல் தோன்றும் சொல்லே ஆபத்தானது. அக்கிராசனர் என்றால் கூட்டத் தலைவர், காரியதரிசி என்றால் செயலாளர், அபேட்சகர் என்றால் வேட்பாளர், பஹிஷ்காரம் என்றால் புறக்கணிப்பு. இவற்றை அகராதி சொல்லிவிடும். ஆனால் 1910ஆம் ஆண்டு நூலில் திலகரைத் தீவிரவாதி என்று போற்றியிருப்பதைக் காணும் கல்லூரி மாணவர் திகைத்துப்போவார். காங்கிரசுக்குள் மிதவாதிகளுக்கு எதிரணியில் நின்றவர்கள் என்பதே அச்சொல்லின் அன்றைய பொருள். இன்றைய செய்தித்தாளின் பொருள் அதற்கு இல்லை. வகுப்பு என்பது பள்ளி வகுப்பன்று, சமூகப் பிரிவு. சீமை என்பது பெரும்பாலும் இங்கிலாந்து. சென்னை என்று வெறுமனே எழுதியிருந்தால், அது நகரமா, ஆந்திரக் கடற்கரையும் மலபாரும் உள்ளடங்கிய சென்னை ராஜதானியா என்பதைச் சூழலைக் கொண்டே துணிய வேண்டும்.

தீவாந்திர சிட்சை என்னும் சொல்லைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். நாடுகடத்தித் தீவுச் சிறையில் வைக்கும் தண்டனை அது. வ.உ.சிதம்பரனாருக்கு 1908இல் திருநெல்வேலி நீதிமன்றம் விதித்தது இரட்டை ஆயுள் தீவாந்திரம். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கண்ணனூர், கோவைச் சிறைகளில் இருந்து 1912 டிசம்பரில் விடுதலையானார். நாற்பதாண்டுத் தண்டனை பெற்றார் என்று பழைய நூல் கூறுவதும், நாற்பதாண்டு சிறையில் வாடினார் என்று மேடைப்பேச்சு கூறுவதும் ஒன்றல்ல. விதித்த தண்டனை வேறு, அனுபவித்த தண்டனை வேறு. நான்கரை ஆண்டுகளே அந்த மனிதரை எப்படிச் சிதைத்தன என்பதை அறிய அவர் செய்யுளில் எழுதிய சுயசரிதையைப் படித்தால் போதும். நாற்பதாக்கிக் காட்ட வேண்டிய தேவையே இல்லை.

5. சொல்பவர் அங்கே இருந்தாரா?

ஒவ்வொரு முக்கியச் செய்தியிலும் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆசிரியர் நேரில் கண்டாரா, கண்டவரிடம் கேட்டாரா, முந்தைய நூலிலிருந்து எடுத்தாரா என்பதைப் பழைய நூல்கள் அடிக்குறிப்பிட்டுக் காட்டுவதில்லை. நடையை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். நேரில் கண்டவர் பெரும்பாலும் தேவையற்ற சிறு விவரங்களைச் சொல்வார்: மழை பெய்தது, வண்டி தாமதம், அவர் கையில் ஒரு துணிப்பை. கேட்டு எழுதுபவர் உரையாடலை முழுமையாக, இலக்கணம் வழுவாமல் தருவார். எந்தத் தலைவரும் முச்சந்தியில் நின்று செந்தமிழில் ஒரு பத்தி பேசியிருக்க மாட்டார் என்று நான் கருதுகிறேன்.

என் அனுபவம் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் பகுதி வாசகர் கூட்டமொன்றில், சிறுவயதில் படித்த வரலாற்று நூலை நம்பி, திருவல்லிக்கேணிக் கோயில் யானை தாக்கியதால் பாரதியார் இறந்தார் என்று பேசினேன். கடைசி வரிசையிலிருந்த முதியவர் கைதட்டல் ஓயும்வரை காத்திருந்து, "அப்படின்னா ஈரோட்டுக்குப் போய்ப் பேசினது யாரு, தம்பி?" என்று மட்டும் கேட்டார். யானை தள்ளியது உண்மை, அவருடைய அன்பர் குவளைக்கண்ணன் தூக்கிக் காத்ததும் உண்மை. ஆனால் பாரதி அதிலிருந்து தேறி, ஈரோட்டுக் கருங்கல்பாளையத்துக்குச் சென்று மனிதனுக்கு மரணமில்லை என்ற பொருளில் பேசிவிட்டு, அந்தப் பயணத்தைச் சுதேசமித்திரனில் தானே எழுதியும் இருக்கிறார். அவர் மறைந்தது வயிற்று நோயால், 1921 செப்டம்பரில்.

அந்தத் தேதியிலும் ஒரு பாடம் இருக்கிறது. சில நூல்கள் செப்டம்பர் 11 என்கின்றன, சில 12 என்கின்றன. உயிர் பிரிந்தது நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு மேல். சூரிய உதயத்தில் நாள் பிறப்பதாகக் கொள்ளும் வீட்டார் கணக்கில் அது 11ஆம் தேதி இரவு. நள்ளிரவில் நாள் மாறும் மாநகராட்சிப் பதிவேட்டின் கணக்கில் 12. இரு நூல்கள் முரண்படும்போது ஒன்றை உடனே பொய் என்று தள்ளாமல், இரண்டும் எந்தக் கணக்கில் பேசுகின்றன என்று முதலில் பார்ப்பது நன்று.

6. கடிதத்தையும் கதையையும் எதிரெதிரே வைத்தல்

தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் வ.உ.சி.க்காகத் திரட்டிக் கொடுத்த பணத்தைக் காந்தி அவருக்குச் சேர்க்கவே இல்லை என்றொரு பேச்சு நெடுநாள் உலவியது. 1915 ஏப்ரலில் காந்தி ஜார்ஜ் டவுன் தம்புச் செட்டித் தெருவில், பதிப்பாளர் ஜி.ஏ.நடேசன் வீட்டில் தங்கியிருந்தார். விடுதலைக்குப்பின் வறுமையில் உழன்ற வ.உ.சி. அப்போது பெரம்பூர்வாசி. இருவருக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து கிடைத்திருக்கிறது. காலை ஆறு மணிக்கு வருமாறு காந்தி அழைக்க, டிராம் வண்டியை நம்பியிருக்கும் தம்மால் அந்நேரத்துக்கு வந்து சேர இயலாது என்று வ.உ.சி. எழுதுகிறார். பணத்தைப் பற்றிய கேள்வியும் பதிலும் மாதக்கணக்கில் நீள்கின்றன. முடிவில் 1916இல் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்கிறது.

எந்தப் புகழ்மாலை நூலிலும் இந்த டிராம் இல்லை. காந்தியைக் குற்றவாளியாக்கும் கதையிலும் இல்லை, வ.உ.சி.யைக் கண்ணீர்ச் சிலையாக்கும் கதையிலும் இல்லை. தலைவரைப் பற்றிய நூல் ஒன்றைப் படித்தால், அவருடைய கடிதங்களோ, அன்றைய இதழில் அவரே எழுதியதோ ஒரு பத்துப் பக்கமாவது உடன் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் கிடைக்கும் சான்று நமக்கு இல்லை. தம்புச் செட்டித் தெரு இன்றும் அங்கேயே இருக்கிறது.

7. நூல் கடந்து செல்லும் இடத்தில் நிற்றல்

1918 ஏப்ரல் 27இல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளரிடையே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு ஆகியோரின் முயற்சியும், பி.பி.வாடியாவின் தலைமையும், திரு.வி.க.வின் நாவன்மையும் அதற்குப் பின்புலம். தேசிய இயக்க நூல்கள் இந்தப் பிறப்பைப் பெருமிதத்தோடு சொல்லும். மூன்று ஆண்டு கழித்து, 1921இல் மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தத்துக்கு வரும்போது பல நூல்களின் குரல் தாழ்ந்துவிடுகிறது. வேலைக்குச் சென்ற ஆதிதிராவிடத் தொழிலாளருக்கும் வேலைநிறுத்தத்தில் நின்ற ஏனையோருக்கும் இடையே புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு பக்கத்தை மட்டும் படித்தவர் இதை வெள்ளையர் சூழ்ச்சி என்று சொல்லி முடிப்பார். இன்னொரு பக்கத்தை மட்டும் படித்தவர் சங்கத்தையே குற்றவாளியாக்குவார்.

செய்ய வேண்டியது இது. 1944இல் வெளிவந்த திரு.வி.க.வின் வாழ்க்கைக் குறிப்புகளில் அப்பகுதியைப் படிக்க வேண்டும். அவர் களத்தில் நின்றவர், ஆயினும் இருபது ஆண்டுக்கு மேல் கழித்து எழுதுகிறார். பின்னர் எம்.சி.ராஜா போன்ற ஆதிதிராவிடத் தலைவர்கள் அன்று பேசியவற்றைத் தேட வேண்டும். அதன்பின் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும் அரசு அறிக்கை; அது ஆள்வோரின் கண் என்பதையும் மறக்கலாகாது. மூன்றும் ஒத்துச் சொல்வதை உறுதியான செய்தியாகவும், ஒருவர் மட்டும் சொல்வதை அவர் கூற்றாகவும் பதிந்துகொள்க. பஞ்சமர், ஹரிஜனர் போன்ற அன்றைய சொற்களை மேற்கோளில் அப்படியே வைத்து, நம் வாக்கியத்தில் எழுதாமல் இருப்பது முறை.

ஆலை 1996இல் மூடப்பட்டுவிட்டது. பட்டாளம், ஓட்டேரி, புளியந்தோப்பு ஆகியவை ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதை ஒரு ஞாயிறு காலை நடந்து பார்த்தால், ஆலைச் சங்கு யார் யார் காதில் விழுந்திருக்கும் என்பது நூலைவிடத் தெளிவாகும். அதேபோல், 1923 மே முதல் நாளை இந்தியாவில் முதன்முறையாகத் தொழிலாளர் தினமாகக் கொண்டாடிய சிங்காரவேலரைப் பற்றிப் படிப்பவர், இராஜாஜி சாலையிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பெயரை அடுத்தமுறை வரிசையில் நிற்கும்போது ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாம்.

8. குறிப்பேடு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு பக்கத்தையும் நான்காகக் கோடிட்டு, நூலின் பக்க எண், சொல்லப்பட்ட செய்தி, ஆசிரியருக்கு எப்படித் தெரியும், வேறெங்கே சரிபார்த்தோம் என்று எழுத வேண்டும். நான்காவது கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அதனால் வருந்த வேண்டாம், அக்கட்டம் காலியாக உள்ள செய்தியை உறுதியானதுபோல் பிறருக்குச் சொல்லாமல் இருப்பதே போதுமான நேர்மை. வாட்ஸப்பில் வரும் தலைவர் பொன்மொழிகளையும் இதே கட்டத்தில் போட்டுப் பாருங்கள். எந்த ஆண்டு, எந்தக் கூட்டம், எந்த இதழ் என்ற மூன்றில் ஒன்றுகூட இல்லாத பொன்மொழியை நான் முன்னனுப்புவதில்லை.

9. நூலைக் காத்தல்

கடற்காற்றில் உப்பும் ஈரமும் இருப்பதால், காசிமேடு, இராயபுரம் பக்கத்து வீடுகளில் பழைய தாள் விரைவில் பழுத்து நொறுங்கும். பக்கத்தை எச்சில் தொட்டுப் புரட்டுவதும், கிழிசலில் செல்லோடேப் ஒட்டுவதும், நூலை முதுகு முறியும்படி விரித்து ஜெராக்ஸ் எடுப்பதும் கூடாது. கைப்பேசியால் படமெடுத்துக்கொண்டு படத்தைப் படிக்கலாம். இராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து அலமாரியில் வைப்பது பழைய வழக்கம். மாதம் ஒருமுறை நூல்களை வெளியே எடுத்துத் தூசி தட்டுவது அதைவிட நல்லது. தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் ஐப்பசிக்கு முன்பே கட்டிலடிப் பெட்டிகளை மேல் அடுக்குக்கு ஏற்றிவிட வேண்டும். மீறி நனைந்துவிட்டால் வெயிலில் காய வைக்காமல், பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒரு வெள்ளைத்தாளைச் செருகி, மின்விசிறிக் காற்றில் நிறுத்தி வைத்து, தாள் ஈரமாக ஆக மாற்றிக்கொண்டே வர வேண்டும். செய்தித்தாளைச் செருகினால் அதன் மை தலைவரின் முகத்தில் ஏறிவிடும்.